சேம அச்சு எங்கே கட்டப்பட்டது?

நம் மேடைகளில் கப்பல்கள் ஒருபோதும் மூழ்குவதில்லை. பூம்புகாரில் புறப்படும், கடாரத்தில் கரை சேரும், கைதட்டலில் நங்கூரம் பாய்ச்சும். அந்தக் கப்பல்களில் எதை எங்கே வைத்தார்கள், எதைக் கொண்டு கட்டினார்கள், அலை புரட்டியபோது மூட்டைகள் எப்படி இருந்த இடத்தில் இருந்தன என்று கேட்டவர் ஒருவரையும் நாம் மேடையில் கண்டதில்லை. கேட்காததைக் குற்றமென்று எவரும் கருதுவதுமில்லை. இக்கட்டுரை அதைக் குற்றமென்றே கருதுகிறது. குற்றவாளிக் கூண்டில் முதலில் நிற்க வேண்டியவர்கள் தமிழ் கற்பிக்கும் நாமேதான் என்பதையும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம்.

பாப்பாரப்பட்டியில் வாழ்வோருக்குக் கப்பல் பேச்சு புதிதல்ல. சுப்பிரமணிய சிவா தம் இறுதி ஆண்டுகளைக் கழித்த ஊர் இது. 1908இல் வ.உ.சி.யோடு சிறை புகுந்து, சிறையிலேயே தொழுநோய்க்கு ஆளாகி, பின்னர் இங்கே பாரத ஆசிரமம் கண்டு, பாரதமாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப விரும்பி, 1925 சூலை 23 அன்று இங்கேயே கண் மூடினார். 2025இல் நூறாண்டு நிறைந்தது. அவர் நினைவைப் போற்ற வருகிற பேச்சாளர்கள் சிவாவிலிருந்து வ.உ.சி.க்கும், வ.உ.சி.யிலிருந்து கப்பலுக்கும், கப்பலிலிருந்து கரிகாலனுக்கும் தாவுவார்கள். தாவுவதில் தவறில்லை. ஆனால் 1906இல் பதிவு செய்யப்பட்ட சுதேசி நாவாய்ச் சங்கம் ஒரு சரக்கு, பயணிகள் நிறுவனம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆளையும் பாரத்தையும் ஏற்றி இறக்குவதே அதன் தொழில். வெள்ளையர் நிறுவனத்தோடு அது மோதியது ஏற்றுகூலியிலும் பயணக் கட்டணத்திலும். அந்தப் போராட்டத்தின் களம் சரக்கறை. நம் பேச்சாளர்களோ பாய்மர உச்சியிலிருந்து கீழே இறங்குவதே இல்லை. வ.உ.சி. கப்பலை ‘ஓட்டினார்’, அவ்வளவுதான். அதில் என்ன ஏற்றினார் என்பது அவர்களுக்கு வேண்டாத செய்தி.

பாரத்தின்பால் நமக்குள்ள இந்த அலட்சியம் எங்கிருந்து வந்தது? வகுப்பறையிலிருந்து வந்தது என்று நாம் நினைக்கிறோம். நம் வகுப்பறையில் நடந்ததையே சொல்கிறோம்.

*

புறநானூற்றின் 102ஆம் பாட்டு. ஔவையார் பாடியது, பாடப்பட்டவன் அதியமான் மகன் பொகுட்டெழினி. அதியமானின் தகடூரே இன்றைய தருமபுரி என்பதால், இந்தப் பாட்டு இந்த மண்ணின் பாட்டு. இம்மாவட்டத்துத் தமிழாசிரியர்களுக்குச் சொந்த வீட்டுப் பாட்டு. உப்பு வணிகர்களான உமணர் வண்டி கட்டுகிறார்கள். எருதுகள் இளையவை, நுகத்துக்குப் பழகாதவை. ஏற்றிய பண்டமோ மிகுதி. வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ யாரறிவார் என்று எண்ணி, வண்டியின் அடிமரத்தில் ஒரு சேம அச்சைக் கட்டி வைக்கிறார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்று எழினியைப் பாராட்டுகிறார் ஔவையார்.

பல ஆண்டுகள் இதை நாம் ஒரே மாதிரிதான் நடத்தினோம். உவமை எது, உவமேயம் எது, திணை எது, துறை எது; பத்து மதிப்பெண் விடைக்குள் அடங்கிவிடும். ஓராண்டு, இளங்கலை மூன்றாமாண்டு வகுப்பில், புளி மூட்டை ஏற்றும் சரக்கு லாரிகளில் பாரம் ஏற்றுபவர் ஒருவரின் மகன் எழுந்து கேட்டான்: “ஐயா, அச்சை ஏன் வண்டிக்கு அடியிலே கட்டுறாங்க? மேலே மூட்டையோட மூட்டையா போட்டுக்கிட்டா ஆகாதா?”

நாம் அளித்த விடையை இன்று நினைத்தாலும் கூசுகிறது. “அது தேர்வுக்கு வராது, உட்கார்.”

அவன் உட்கார்ந்தான். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். அந்தப் பாட்டை அந்த வகுப்பில் படித்தவன் அவன் ஒருவன்தான் என்று நமக்கு விளங்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

*

அவன் இப்போது சென்னையில் வேலை பார்க்கிறான். விடுமுறை நாள்களில் நண்பர்களோடு கடலில் கயாக் செலுத்துகிறான். கயாக் என்பது வட துருவத்தை ஒட்டிய பனி நிலத்து மக்களான இனூயிட்டுகளின் வேட்டைப் படகு. மரத்தாலும் எலும்பாலும் கூடு கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி அமைத்தது. இன்று கண்ணாடி இழையிலும் பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள். கடலுக்கான கயாக் பதினாறு, பதினேழு அடி நீளமிருக்கும்; அகலம் இரண்டடிக்கும் குறைவு. நடுவில் ஓர் ஆள் இடுப்பு வரை புகுந்து அமரும் குழி. முன்னும் பின்னும் நீர் புகாத தடுப்புகளால் பிரிக்கப்பட்ட இரண்டு அறைகள். அவற்றுக்கு இறுக மூடும் மூடிகள். பல நாள் பயணத்துக்கான உணவு, குடிநீர், கூடாரம், உடை, அடுப்பு எல்லாம் அந்த இரு அறைகளுக்குள் போக வேண்டும்.

ஒரு பொங்கல் விடுமுறையில் ஊருக்கு வந்தவன் நம் வீட்டுத் திண்ணைக்கும் வந்தான். படகு வரவில்லை, பைகள் மட்டும் வந்திருந்தன. சுண்ணக்கட்டியால் வாசலில் படகின் உருவத்தை நீளமாக வரைந்து, பைகளை ஒவ்வொன்றாக அதற்குள் அடுக்கிக் காட்டினான். அந்த அரைமணி நேரத்தில் அவன் ஆசிரியன், நாம் மாணவர்.

கனமான பொருள் கீழே, படகின் நடுவை ஒட்டி, அமரும் இடத்துக்கு அருகில் செல்ல வேண்டும். எல்லாவற்றிலும் கனமானது குடிநீர். லிட்டருக்கு ஒரு கிலோ. ஆகவே அதன் இடம் இருக்கைக்கு நேர் பின்னே, அடித்தளத்தில். இலேசான உடையும் படுக்கையும் கூம்பிய இரு முனைகளுக்கு. இடப்பக்கமும் வலப்பக்கமும் நிறை ஒத்திருக்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்த படகை நாள் முழுவதும் உடம்பால் நிமிர்த்திக்கொண்டே செலுத்த நேரும். முன்பக்கம் கனத்தால் படகின் மூக்கு நீரில் புதைந்து, காற்று வீசும் திசைக்கே திரும்பிக்கொள்ளும். பின்பக்கம் கனத்தால் மூக்கு இலேசாகி, காற்று அதைத் தள்ளிக்கொண்டு போகும். பெரிய பை ஒன்றைவிடச் சிறிய பைகள் பல நல்லவை. அவை இண்டு இடுக்குகளில் செறிந்து நகராமல் கிடக்கும். எல்லாம் நீர் புகாப் பைகளில். பைகளின் வாயை மும்முறை மடித்துப் பூட்ட வேண்டும்.

“ஏன் இத்தனை பாடு?” என்றோம்.

“நகர்ற பொருள்தான் ஐயா எதிரி. படகு இடப்பக்கம் சாஞ்சா உள்ளே கட்டாத பையும் இடப்பக்கம் உருளும். அலை சாச்சதை அது இன்னும் சாய்க்கும். நிமிரணும்னு நாம நினைக்கிறப்ப, நம்ம சாமானே நமக்கு எதிரா வேலை செய்யும்.”

மேல்தளத்தில் எதையும் குவிக்கக் கூடாது. உயரம் கூடக்கூட நிலைப்புக் குறையும், காற்றும் பிடித்துக்கொள்ளும். அமரும் குழிக்குள் அவிழ்ந்த கயிறு கிடக்கக் கூடாது. கவிழ்ந்தால் காலைச் சுற்றி ஆளை வெளியேற விடாது. ஊதலும் கத்தியும் மிதப்பு அங்கியிலேயே கட்டியிருக்க வேண்டும். படகு கைவிட்டுப் போனபின் உடம்போடு இருப்பது மட்டுமே உடைமை. இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்றை எடுத்தான். இரண்டாகக் கழற்றிய துடுப்பு ஒன்று. “இது மட்டும் உள்ளே போகாது ஐயா. மேலே, கை எட்டுற இடத்துல, ரப்பர்க் கயிற்றுக்கு அடியில இருக்கும். கையில இருக்கிற துடுப்பு ஒடிஞ்சா நடுக்கடல்ல மூடியைத் திறந்து தேட முடியாதில்ல?” சற்று நிறுத்திச் சொன்னான்: “சேம அச்சு.”

அன்று கேட்ட கேள்விக்கு அவனே விடை கண்டுபிடித்து வந்திருந்தான். அச்சை மூட்டைகளுக்கு அடியில் போட்டால், அச்சு முறிந்த இடத்தில் உப்பு முழுவதையும் இறக்கினால்தான் கைக்கு வரும். மூட்டைகளுக்கு மேலே போட்டால், வண்டியின் தலைக்கனம் கூடும். பள்ளத்தில் உருண்டு விழும். வண்டியின் அடிமரத்தில் கட்டினால் பாரம் தாழ்ந்திருக்கும், பண்டத்துக்கு இடையூறில்லை, குனிந்து அவிழ்த்தால் கைக்கு வரும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் உமணரின் தலைமுறைகளின் அனுபவம் இருக்கிறது. ஔவையாரும் அந்த இடத்தைச் சொல்லாமல் விடவில்லை. ‘சேம அச்சு’ என்று மட்டும் சொல்லியிருந்தாலும் உவமை நின்றிருக்கும். எங்கே கட்டியது என்பதையும் பாட்டுக்குள் வைத்தார். கண்ணுக்குப் படாமல் அடியில் இருப்பவன், வேண்டும்போது உடனே கைக்கு வருபவன், சும்மா இருக்கையிலும் வண்டியின் நிலையைக் குலைக்காதவன்: எழினிக்கான புகழே அந்த இடத்தில்தான் இருக்கிறது. இடத்தை விட்டுவிட்டு உவமையை மட்டும் நடத்திய நாம் ஔவையாரின் பாட்டைப் பாதியாக்கி விற்றிருக்கிறோம்.

*

இதைப் படிப்போரில் சிலர், மேல்நாட்டு விளையாட்டு ஒன்றைக் கொண்டு சங்கப் பாட்டுக்கு உரை சொல்வதா என்று முகம் சுளிக்கக்கூடும். அவர்களை ஒகேனக்கல் வரை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். இங்கிருந்து பென்னாகரம் வழியாகச் சென்றால் அதிகத் தொலைவில்லை.

ஒகேனக்கல் பரிசல் கயாக்கின் ஒன்றுவிட்ட உறவு. இரண்டும் கூடு கட்டித் தோல் போர்த்திய கலங்கள். அங்கே கடல்நாய்த் தோல்; இங்கே மூங்கில் பிளாச்சுகளை முடைந்து, முற்காலத்தில் மாட்டுத் தோலும் இக்காலத்தில் பிளாஸ்டிக் தாளும் தாருமாகப் போர்த்தியது. அங்கே ஒல்லியான நீளம், இங்கே வட்டம். வட்டத்துக்கு முன்னுமில்லை, பின்னுமில்லை, அடிக்கட்டையுமில்லை. எனவே அதன் நேர்மை முழுவதும் பாரத்தை வைக்கும் விதத்தில்தான் இருக்கிறது. பரிசலோட்டியைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். அவர் முதலில் துடுப்பைத் தொடுவதில்லை, ஆளைப் பார்க்கிறார். “சார், நீங்க அந்தப் பக்கம் குந்துங்க. அம்மா, நீங்க இவருக்கு எதிர்ல. பையை மடியில வெக்காதீங்க, கீழ வையுங்க. நடுவுல யாரும் எந்திரிக்கக் கூடாது.” பருத்தவருக்கு எதிரே பருத்தவர், குழந்தைக்கு அருகே பெரியவர் என்று அவர் கண்ணாலேயே நிறுத்து வைக்கிறார். என் மாணவன் சுண்ணக்கட்டியால் வரைந்து அரைமணி நேரம் விளக்கியது இவரிடம் ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது.

அதற்கு நாம் தரும் மரியாதை என்ன? “என்ன பெரிய கப்பலா ஓட்டப் போறே?” என்று கேட்ட கனவானை நாமே நேரில் கண்டிருக்கிறோம். அவர் முந்தின நாள் ஓர் இலக்கிய அரங்கில் தமிழரின் கடலாண்மை பற்றி ஒரு மணி நேரம் உரையாற்றியவர். பரிசலோட்டி சொன்ன இடத்தில் அமர அவருக்குக் கௌரவக் குறைவாக இருந்தது. மனைவியின் அருகில்தான் அமர்வேன் என்றார். பாதி வழியில் ஐந்தருவியைப் படம் பிடிக்க எழுந்தும் நின்றார். பரிசல் ஒரு சாண் சாய்ந்தது. பரிசலோட்டி எதிர்ப்பக்கம் தம் உடம்பைச் சாய்த்து நிமிர்த்தினார். கரையேறிய கனவான் நன்றி சொல்லவில்லை. கரிகாலன் படையில் இவர் இருந்திருந்தால் அந்தப் படை ஈழம் போய்ச் சேர்ந்திருக்காது.

கடல் கயாக்கும் நம் கரைக்கு அந்நியமல்ல. 1932இல் ஜெர்மனியின் ஊல்ம் நகரில் டான்யூப் ஆற்றில் புறப்பட்ட ஆஸ்கர் ஸ்பெக் என்ற இளைஞர், மடித்துப் பிரிக்கத்தக்க கயாக்கில் ஏழாண்டுகள் பயணம் செய்து 1939இல் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான தீவொன்றில் கரையேறினார். இடையில் இந்தியக் கரையோரமாகவும் இலங்கைக்கும் வந்தார். கரையேறியபோது உலகப் போர் தொடங்கிவிட்டிருந்ததால் பகை நாட்டவரெனக் கைதானார். அவருடைய படங்களும் ஆவணங்களும் சிட்னியிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இன்று இருக்கின்றன. அந்தப் பயணத்தை வெறும் தோள்வலிமைக் கதையாகச் சொல்வது எளிது. முழங்கால் அளவு இடத்தில் ஏழாண்டு வாழ்க்கையை அடுக்கி, தாளையும் படச்சுருளையும் உப்பு நீருக்குத் தப்புவித்த ஒழுங்கே அதில் பெரிது என்பது நம் எண்ணம்.

கட்டுமரத்தை எடுத்துக்கொள்வோம். உலக மொழிகளுக்குப் போன சொல் என்று நாம் பெருமைப்படுகிறோம். மரம் எல்லா ஊரிலும் உண்டு. ‘கட்டு’தான் நம் பங்கு. ஆணியில்லாமல் கயிற்றால் மரங்களைப் பிணைத்து, கரையேறியதும் அவிழ்த்து உலர்த்தி, மறுபடியும் கட்டுவது அந்தத் தொழில். அலை மேலேறி ஓடும் கலம் அது; கட்டாத வலையும் கூடையும் முதல் அலையோடு போய்விடும். சொல்லை உலகுக்குக் கொடுத்தோம் என்று மார் தட்டுகிற நம்மில் எத்தனை பேருக்கு அந்த முடிச்சுகளில் ஒன்றைப் போடத் தெரியும்?

*

பழைய புலவர்களுக்கு இந்த அலட்சியம் இருந்ததில்லை. புறநானூற்றின் 30ஆம் பாட்டு, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடியது. ஞாயிற்றின் இயக்கத்தையும் வானத்தின் அளவையும் கணக்கிட்டுச் சொல்வோர் உண்டு என்று தொடங்குவதால் வானியல் பேசுவோர் இதை அடிக்கடி தொடுவார்கள். பாட்டின் முடிவைத் தொடுவோர் குறைவு. பெருங்கலம் ஒன்று பாயைக் களையாமலும் மேலேற்றிய பாரத்தைக் குறைக்காமலும் ஆற்று முகத்துக்குள் புகுந்து வருகிற நாட்டுக்கு உரியவன் நீ என்கிறார் புலவர்.

இதில் புகழ் எங்கே இருக்கிறது? முகத்துவாரம் மணல் திட்டுகளால் ஆழம் குறைந்தது. அங்கே நுழையுமுன் பாயைச் சுருக்குவதும் பாரத்தைக் குறைப்பதும் வழக்கம் என்று அறிந்தவருக்கே, ‘குறைக்காமல் வந்தது’ என்பது வியப்பாகும். துறையின் ஆழமே புகழப்படுகிறது. வழக்கத்தை அறியாதவருக்கு அந்த அடி வெறும் வருணனை. புலவர் ‘பாரம்’ என்று பொதுவாகச் சொல்லி முடிக்காமல், மேலே ஏற்றிய பாரம் என்று இடத்தைக் குறித்துச் சொல்கிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். கப்பலில் மேலிருக்கும் பாரமும் கீழிருக்கும் பாரமும் ஒன்றல்ல என்று அறிந்த காலம் அது. கேட்டவர்களும் அறிந்திருந்தார்கள். அதனால் உரையின்றிச் சென்று சேர்ந்தது. இன்று உரையிருந்தும் சேர மறுக்கிறது.

வள்ளுவர் வலியறிதலில் மயிற்பீலி வண்டியைச் சொன்னதும் இதே மரபுதான். பீலியைவிட இலேசான பண்டம் உண்டா? அதற்கும் ஓர் எல்லையுண்டு, எல்லை மீறினால் அச்சு முறியும் என்றார். அரசனுக்குச் சொல்ல வேண்டிய நீதியை வண்டிக்காரனிடமிருந்து எடுத்தார். நாம் நீதியை வைத்துக்கொண்டு வண்டிக்காரனை வெளியே அனுப்பிவிட்டோம்.

*

இது வெறும் பாடம் சொல்லும் முறையைப் பற்றிய சண்டையாக இருந்தால் நாம் இவ்வளவு எழுதியிருக்கமாட்டோம். மனித உயிர் இதில் இருக்கிறது.

2009 செப்டம்பர் 30, தேக்கடி ஏரி. ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். தமிழ்நாட்டவரும் அவர்களில் இருந்தனர். படகின் நிலைப்பில் குறை இருந்தது. கரையோர விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கத்தில் கூடினார்கள் என்றும் செய்திகள் கூறின. 2011 டிசம்பர் 25, பழவேற்காடு. அளவுக்கு மீறி ஆளேற்றிய படகு கவிழ்ந்து 22 பேர். 2015இல் இதே ஒகேனக்கலில் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் மாண்டார்கள். 2023 மே 7, கேரளத்தின் தானூர். மீண்டும் அளவுக்கு மீறிய படகு; மீண்டும் 22 பேர். இவை எவையும் புயலில் நிகழவில்லை. தென் கொரியாவின் செவோல் கப்பல் 2014 ஏப்ரல் 16 அன்று மூழ்கியபோது 304 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிப் பிள்ளைகள். அனுமதித்ததைப் போல் இரு மடங்குக்கு மேல் சரக்கு. சரியாகக் கட்டாத சரக்கு. கப்பலை நிலைநிறுத்தும் அடிநீரோ குறைக்கப்பட்டிருந்தது. கப்பல் திரும்பியபோது சரக்குகள் ஒரு பக்கம் சரிந்தன. ‘நகர்ற பொருள்தான் எதிரி’ என்று நம் திண்ணையில் கேட்ட வாசகத்தின் பேருருவம் அது.

ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நாம் கேட்கும் முதல் குரல் படகோட்டிக்கு எதிரானது. பேராசை, அலட்சியம், படிப்பின்மை என்று பட்டியல் நீளும். படகோட்டிகளில் தவறியவர்கள் இல்லை என்று நாம் வாதிடவில்லை. பணத்துக்காக ஆளை அடைத்தவன் தண்டிக்கப்படத்தான் வேண்டும். ஆனால் ஏறியவர்கள் யார்? படித்தவர்கள். நாம் உருவாக்கியவர்கள். இன்னும் இரண்டு பேர் ஏறினால் என்ன என்று பேரம் பேசுபவர்கள். மிதப்பு அங்கி புழுக்கமென்று கழற்றி வைப்பவர்கள். உட்காரச் சொன்னவனிடம் உத்தியோகத்தைச் சொல்பவர்கள். பெட்டியும் மூட்டையும் வைத்த இடத்தில் கிடக்கும். தானாக எழுந்து நகரும் பாரம் மனிதன் ஒருவன்தான். ஆகவே படகில் ஏறும் ஒவ்வொருவனுக்கும் தானும் ஒரு பாரம் என்ற அறிவு வேண்டும். அந்த அறிவைப் பள்ளியிலும் கல்லூரியிலும் நாம் தரவில்லை. கையால் செய்யும் தொழிலை அறிவென்று மதிக்காத நாம் அதை எப்படித் தந்திருப்போம்?

*

எதிர்வாதங்களை அறிவோம். இலக்கியம் படகோட்டும் கையேடு அல்ல என்பார்கள். நாமும் அவ்வாறே கருதுகிறோம். ஔவையார் வண்டி கட்டக் கற்பிக்கவில்லை. ஆனால் வண்டி கட்டத் தெரிந்தவர்களைப் பார்த்திருந்தார், பார்த்ததைப் பொருட்படுத்தினார். பொருளை அறியாதவன் உவமையை அறிவதாகச் சொல்வது பொய். உவமேயம் அரசனாக இருப்பதால் உவமை உயர்ந்ததாகிவிடாது. அந்த அச்சு தன்னளவிலேயே உயர்ந்தது என்று ஔவையார் கருதியதால்தான் அரசனை அதற்கு ஒப்பிட்டார்.

இப்படிப் பேசுவது பெருமித உணர்வைக் குலைக்கும் என்பார்கள். எந்தப் பெருமிதம்? நம் முன்னோர் கடல் கடந்தது உண்மையென்றால் அவர்கள் பாரம் கட்டத் தெரிந்தவர்கள் என்பதும் உண்மை. காற்றை ஏவல் கொண்டவர்களின் வழிவந்தவன் என்று கரிகாலனை வெண்ணிக்குயத்தியார் பாடினார். ஏவல் கொள்ளப்பட்ட அந்தக் காற்றில் மூட்டை உருளாமல் பார்த்துக்கொண்டவன் பெயர் நமக்குத் தெரியாது. அவனைச் சேர்த்துப் போற்றினால் பெருமிதம் கூடுமே தவிரக் குறையாது.

வேறொரு நாட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். 1870களில் இங்கிலாந்தில் சாமுவேல் பிளிம்சால் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஒரு கோட்டுக்காகப் போராடினார். அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, காப்பீட்டை நம்பி, மாலுமிகளைக் கடலுக்கு அனுப்பிய முதலாளிகளை எதிர்த்து எழுதினார்; சபையில் கத்தினார். 1876இல் சட்டம் வந்தது. இதற்கு மேல் பாரம் ஏற்றாதே என்று கப்பலின் விலாவில் வரையும் அந்தக் கோடு இன்று உலகக் கப்பல்களின் விலாவில் எல்லாம் இருக்கிறது. ஒரு கோட்டைப் பற்றி நூல் எழுதலாம், மேடையில் கண்ணீர் விடலாம் என்று ஒருவருக்குத் தோன்றியது. நமக்கு ஏன் தோன்றவில்லை?

நாம் கேட்பது பெரிதல்ல. புறநானூறு 102ஐ நடத்தும் ஆசிரியர், ஒரு முறையேனும் மாணவர்களை ஒரு சரக்கு லாரியின் அருகே அழைத்துச் சென்று, தார்ப்பாயும் கயிறும் முடிச்சும் போடுகிறவரைப் பேசவிட்டுக் கேட்கட்டும். ஒகேனக்கலுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்லும் கல்லூரிகள் முதல் பாடத்தைக் கரையில் பரிசலோட்டியிடம் ஒப்படைக்கட்டும்; அவர் பேசி முடிக்கும்வரை பேராசிரியர்கள் உட்பட யாரும் ஏறாமல் நிற்கட்டும். நீர்வரத்து கூடியதால் பரிசலுக்குத் தடை என்றால், செல்வாக்கைத் தேடிக் கைபேசியை எடுக்காமல் திரும்பி வரட்டும். சிவாவின் ஊரில் கப்பலைப் பற்றிப் பேச வருகிறவர்கள் சரக்கறைக்குள் ஒரு நிமிடமாவது இறங்கிவிட்டு வரட்டும்.

நாமோ அந்தப் பாட்டை மீண்டும் முதலிலிருந்து நடத்தத் தொடங்கியிருக்கிறோம். உவமையும் திணையும் துறையும் பிறகு வருகின்றன. கரும்பலகையில் முதலில் ஒரு வண்டியை வரைந்துவிட்டு, மாணவர்களிடம் சுண்ணக்கட்டியை நீட்டிக் கேட்கிறோம்: சேம அச்சை எங்கே கட்டுவீர்கள்? இந்தக் கேள்வி இன்னும் எந்தத் தேர்வுத் தாளிலும் வரவில்லை.